முதல் ஆளாக எடுக்கப்பட்ட பையன்கள் எங்கே போனார்கள்? பேஸ்பால் புராஸ்பெக்ட்டுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க பேஸ்பாலைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கும் நம்மவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. எல்லாமே ஒரே சந்தேகத்தின் பல வடிவங்கள்தான்: இத்தனை பணம், இத்தனை கணினி, இத்தனை நிபுணர்கள் இருந்தும் எந்தப் பையன் தேறுவான் என்று ஏன் யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை? ஆட்ட விதிகள் முழுக்கத் தெரியாவிட்டாலும் படிக்கலாம். பந்தை எறிபவர் பிட்ச்சர், மட்டைக்காரருக்குப் பின்னால் குந்தியிருந்து பிடிப்பவர் கேட்ச்சர். இவ்வளவு தெரிந்தால் போதும்.

புராஸ்பெக்ட் என்றால் யார்?

அமெரிக்காவின் உச்சப் போட்டியான மேஜர் லீக்கில் இன்னும் கால் ஊன்றாத, ஆனால் ஊன்றினால் கலக்கிவிடுவான் என்று எல்லாரும் நம்பும் இளைஞன். 17, 18 வயதுப் பள்ளிப் பையனாக இருக்கலாம், 22 வயதுக் கல்லூரி மாணவனாக இருக்கலாம். 'பேஸ்பால் அமெரிக்கா' என்ற பத்திரிகை 1990 முதல் ஆண்டுதோறும் நூறு பேரை வரிசைப்படுத்திப் பட்டியல் போடுகிறது. இப்போது இன்னும் பலர் போடுகிறார்கள். ரசிகர்களுக்கு அது ஜாதகம் மாதிரி. பலிக்காது என்று தெரிந்தும் புரட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது.

டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டால் நேராகப் பெரிய அணியில் ஆடலாமா?

அநேகமாக முடியாது. டிராஃப்ட் என்பது அணிகள் முறை வைத்து இளம் வீரர்களை ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி. கூடைப்பந்திலும் அமெரிக்கக் கால்பந்திலும் முதல் ஆளாக எடுக்கப்பட்டவன் அதே ஆண்டு டிவியில் ஆடுவான். பேஸ்பாலில் அவனை மைனர் லீக்குக்கு அனுப்புவார்கள். சிங்கிள் ஏ, ஹை ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ என்று படிப்படியாக ஏற வேண்டும். சிறு ஊர்கள், இரவு முழுக்கப் பேருந்துப் பயணம், கூட்டமில்லாத மைதானங்கள். இரண்டு ஆண்டில் ஏறுபவர்களும் உண்டு, ஏழு ஆண்டு ஆகியும் ஏறாதவர்களும் உண்டு.

டிராஃப்ட் 1965-இல் தொடங்கியது. அமெரிக்கா, கனடா, போர்ட்டோ ரிக்கோ பையன்களுக்கு மட்டும்தான் அது. டொமினிகன் குடியரசு, வெனிசுலா பையன்களை அணிகள் 16 வயதிலேயே நேரடியாக ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. பதினாறு வயதில் ஒருவனைப் பார்த்து எதிர்காலம் சொல்வது எவ்வளவு துணிச்சலான வேலை என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

முதல் ஆளாக எடுக்கப்பட்டு, மேஜர் லீக் பக்கமே போகாதவர்கள் உண்டா?

உண்டு. 1966-இல் நியூயார்க் மெட்ஸ் அணி கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஸ்டீவ் சில்காட் என்ற கேட்ச்சரை முதலில் எடுத்தது. அடுத்த இடத்தில் இருந்த கன்சாஸ் சிட்டி அத்லெடிக்ஸ் ரெஜி ஜாக்சனை எடுத்தது. ஜாக்சன் 563 ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்து, பேஸ்பாலின் புகழ்மாளிகையான ஹால் ஆஃப் ஃபேம் போனார். சில்காட் 1967-இல் இரண்டாவது பேஸுக்கு (ஓடுபவர் தொட வேண்டிய நிலை) பாய்ந்து திரும்பும்போது தோளைக் கெடுத்துக்கொண்டார். மேஜர் லீக்கில் ஒரு நாள்கூட ஆடவில்லை.

சில்காட்டையாவது ஆட்டக் களத்தில் நடந்த விபத்து என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். பிரையன் டெய்லர் கதை அப்படியில்லை. வட கரோலினாவில் பியூஃபோர்ட் என்ற கடலோரச் சிற்றூர்ப் பையன், இடக்கை பிட்ச்சர். 1991-இல் நியூயார்க் யாங்கீஸ் அவனை முதல் ஆளாக எடுத்தது. முதலில் சொன்ன தொகை மிகக் குறைவு என்று அவன் அம்மா பிடிவாதமாக நின்றார். கடைசியில் யாங்கீஸ் இறங்கி வந்து 15.5 லட்சம் டாலர் கொடுத்தது. அந்தக் காலத்தில் ஒரு பள்ளிப் பையனுக்கு அது வாயைப் பிளக்க வைக்கும் தொகை. 1993-இல் டபுள் ஏ வரை வந்துவிட்டான். இன்னும் ஒரு படிதான், அதற்குமேல் யாங்கீ ஸ்டேடியம். அந்த டிசம்பரில் ஊருக்குப் போனவன், சகோதரன் மாட்டிக்கொண்ட ஒரு தகராறில் அவனுக்காக மல்லுக்கு நின்றான். எறியும் கையின் தோள் கிழிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து ஒரு வருடம் கழித்து வந்தபோது பந்தில் அந்தப் பழைய வேகம் இல்லை. அதற்குப் பிறகு சிங்கிள் ஏ தாண்டவே இல்லை.

ஆட்டத்தை விட்டே போய்விட்ட முதல் தேர்வுகளில், அணியோடு ஒப்பந்தம் போட்டும் மேஜர் லீக்கை எட்டாதவர்கள் இந்த இருவர்தான். 2014-இல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் முதலில் எடுத்த பிரேடி ஏக்கன் தனி ரகம். முழங்கைத் தசைநார் பற்றி மருத்துவப் பரிசோதனையில் ஐயம் வந்து, பேரம் முறிந்து, ஒப்பந்தமே போடவில்லை. அடுத்த வருடமே அந்த முழங்கையில் அறுவை சிகிச்சை. அவனும் மேலே வரவில்லை. ஏக்கன் கைநழுவியதற்கு ஈடாக ஆஸ்ட்ரோஸுக்கு அடுத்த ஆண்டு இரண்டாவது தேர்வு கிடைத்தது. அதில் அலெக்ஸ் பிரெக்மனை எடுத்தார்கள், கோப்பையும் வென்றார்கள். தவறவிட்டதே லாபமாகிப்போன கதை.

அப்படியானால் முதல் ஆளை எடுத்த அணிகள் எல்லாம் ஏமாந்தனவா?

இல்லவே இல்லை. முதல் ஆளாக எடுக்கப்பட்ட கென் கிரிஃபி ஜூனியர், சிப்பர் ஜோன்ஸ், ஹெரால்ட் பெய்ன்ஸ், ஜோ மௌவர் என்று நான்கு பேர் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள். 16 வயதில் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் அட்டையில் வந்த பிரைஸ் ஹார்ப்பர் இரண்டு முறை மிக மதிப்புமிக்க வீரர் விருது வாங்கிவிட்டார். 2023-இல் முதலில் எடுக்கப்பட்ட பால் ஸ்கீன்ஸ் அடுத்த ஆண்டே சிறந்த புதுமுகம், அதற்கடுத்த ஆண்டு சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருது. முதலில் எடுக்கப்பட்டவர்கள் பொதுவாக நன்றாகவே ஆடுகிறார்கள். இந்த ஒருவன் ஆடுவானா என்பதைத்தான் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

ஒரு தேர்வு சரியா தவறா என்று எப்போது தீர்ப்புச் சொல்லலாம்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பதில் சொல்ல 2001-க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு மினசோட்டா ட்வின்ஸ் கையில் முதல் தேர்வு. நாடே எதிர்பார்த்தது மார்க் பிரையரை. தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பிட்ச்சர். குறையே சொல்ல முடியாத எறிமுறை, பாடப்புத்தகத்தில் படம் போடலாம் என்றார்கள். ட்வின்ஸோ ஜோ மௌவரை எடுத்தது. மைதானத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், செயின்ட் பால் நகரத்தில் படித்த பள்ளிப் பையன், கேட்ச்சர். உயர்நிலைப் பள்ளிக் காலம் முழுக்க ஒரே ஒரு முறைதான் ஸ்ட்ரைக் அவுட் (பந்தை அடிக்க முடியாமல் பிட்ச்சரிடம் அவுட்) ஆனான் என்று சொல்வார்கள். இருந்தாலும், பிரையர் கேட்கும் பணத்துக்குப் பயந்து உள்ளூர்ப் பையனை எடுத்துவிட்டார்கள் என்று ட்வின்ஸைக் கேலி பேசினார்கள். இரண்டாவதாக இருந்த சிகாகோ கப்ஸ், பிரையரை 105 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் செய்தது.

2003-இல் போய் யார் செய்தது சரி என்று கேட்டிருந்தால், ட்வின்ஸைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். பிரையர் அந்த ஆண்டு 18 வெற்றி, 6 தோல்வி, 245 ஸ்ட்ரைக் அவுட். 1945-க்குப் பிறகு இறுதிப் போட்டியான உலகத் தொடரையே பார்க்காத கப்ஸ், இன்னும் ஐந்தே அவுட் எடுத்தால் அங்கே போகலாம் என்ற நிலைக்கு வந்தது. அந்த ஆட்டத்தில் பந்து எறிந்துகொண்டிருந்தவர் பிரையர்தான். அந்த எட்டாவது இன்னிங்ஸில் எதிரணி எட்டு ரன் எடுத்தது. கப்ஸ் ரசிகர்களிடம் அந்த இரவைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது. மௌவர் அப்போது இன்னும் மைனர் லீக்கில்.

2006-இல் கேட்டிருந்தால்? மௌவர் அமெரிக்கன் லீக்கில் மட்டையடிச் சராசரியில் முதலிடம். அந்த லீக்கில் எந்தக் கேட்ச்சரும் அதுவரை செய்யாத காரியம். பிரையருக்கோ குதிகால் வலி, 2005-இல் நேராகத் திரும்பி வந்த பந்து பட்டு முழங்கை முறிவு, அப்புறம் தோள். 2006 ஆகஸ்டில் ஆடியதுதான் கடைசி மேஜர் லீக் ஆட்டம், 26 வயதுகூட ஆகவில்லை. அதற்குப் பிறகு ஏழு ஆண்டுகள் அணி அணியாக முயன்று பார்த்துவிட்டு 2013-இல் விலகினார். அந்தச் சின்னப் பையனை 2003-இல் அளவுக்கு மீறி எறிய வைத்தார்கள் என்று ஒரு கட்சி, இல்லை விதி என்று இன்னொரு கட்சி. சிகாகோவில் இன்றும் சண்டை ஓயவில்லை.

மௌவர் மூன்று முறை சராசரிப் பட்டம் வென்று, கடைசிவரை ட்வின்ஸிலேயே ஆடி, 2024-இல் ஹால் ஆஃப் ஃபேம் போனார். ஆனால் அவருக்கும் 2013-இல் தலையில் பந்து பட்டு, கேட்ச்சர் வேலையையே விட வேண்டியதாயிற்று. 2014-இல் அவருடைய சம்பளத்தைப் பார்த்து உள்ளூர் ரசிகர்கள் முணுமுணுத்ததும் நடந்ததுதான்.

ஆக, எந்த ஆண்டில் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். 2013-இல் ஆஸ்ட்ரோஸ் முதல் ஆளாக மார்க் அப்பெல் என்ற பிட்ச்சரை எடுத்தது, கப்ஸ் அடுத்ததாகக் கிரிஸ் பிரையன்ட்டை எடுத்தது. 2016-இல் பிரையன்ட் மிக மதிப்புமிக்க வீரர், கப்ஸ் 108 ஆண்டுக்குப் பிறகு சாம்பியன். அடடா, என்ன தேர்வு! அதே பிரையன்ட்டுக்கு 2022-இல் கொலராடோ ராக்கீஸ் ஏழு ஆண்டுக்கு 18.2 கோடி டாலர் கொடுத்தது. பிறகு முதுகு போய், ஆடிய ஆட்டங்களைவிட வெளியே உட்கார்ந்திருந்த ஆட்டங்களே அதிகம்.

ஸ்கவுட்டுகள் எதைப் பார்த்து மதிப்பிடுகிறார்கள்?

இளம் வீரர்களைப் பார்த்து எடைபோடும் இந்த ஸ்கவுட்டுகள் 20 முதல் 80 வரை ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். 50 என்றால் மேஜர் லீக்கின் சராசரி. மட்டையடித் திறன், அடியின் பலம், ஓட்டம், கை வலு, பந்து தடுத்தல் என்று ஐந்துக்கும் தனித்தனி மதிப்பெண். இன்று எவ்வளவு, நாளை எவ்வளவு ஆகலாம் என்று இரண்டு மதிப்பெண் போடுவார்கள். முதலாவது பார்த்தது, இரண்டாவது நம்புவது. ஓட்டத்தையும் கை வலுவையும் கடிகாரமும் வேகமானியும் சொல்லிவிடும். மட்டையடி மட்டும் அகப்படாது. பள்ளியில் 130 கிலோமீட்டர் வேகப் பந்தை அடித்தவன் 153 கிலோமீட்டர் பந்தை அடிப்பானா என்பது, அந்தப் பந்து முன்னால் வந்து நிற்கும் நாள் வரை அவனுக்கே தெரியாது.

பிட்ச்சர்கள்தான் அதிகம் கவிழ்கிறார்கள் என்கிறார்களே?

உண்மைதான். 'பிட்ச்சிங் புராஸ்பெக்ட் என்று ஒன்று கிடையவே கிடையாது' என்று பேஸ்பால் ஆய்வாளர்களிடையே ஒரு பழைய கிண்டல் உண்டு. காரணம் உடற்கூறு. மேல்கையெலும்பையும் முன்கையெலும்பையும் முழங்கையின் உள்பக்கத்தில் கட்டிவைத்திருக்கும் தசைநார் ஒன்று இருக்கிறது. முழு வேகத்தில் எறியும் ஒவ்வொரு பந்துக்கும் அது தன் தாங்குசக்தியின் எல்லைவரை இழுபடுகிறது. தசையைப் பயிற்சியால் வளர்க்கலாம், இந்த நாரை அப்படி வளர்க்க முடியாது. இன்றைய பையன்கள் எறியும் வேகமோ ஏறிக்கொண்டே போகிறது.

நார் அறுந்தால் உடம்பின் வேறு இடத்திலிருந்து எடுத்த நாரை வைத்துக் கட்டுவார்கள். 1974-இல் ஃபிராங்க் ஜோப் என்ற மருத்துவர் டாமி ஜான் என்ற பிட்ச்சருக்கு முதலில் செய்ததால் அந்த அறுவை சிகிச்சைக்கே டாமி ஜான் என்று பெயர். திரும்பி வர ஓர் ஆண்டுக்கு மேல் ஆகும். பலர் வருகிறார்கள், எல்லாரும் வருவதில்லை.

ஸ்டீஃபன் ஸ்ட்ராஸ்பர்க் 2009-இல் முதல் தேர்வு, 151 லட்சம் டாலர். 2010 ஜூன் 8-ஆம் தேதி வாஷிங்டனில் முதல் ஆட்டம், 14 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். மூன்று மாதத்தில் முழங்கை நார் அறுந்தது. 2012-இல் அணி பிளே ஆஃபுக்குப் போகும் நேரத்தில், கை கெட்டுவிடக் கூடாது என்று அவரை நிறுத்தி வைத்தார்கள். ஊரே இரண்டுபட்டது. 2019-இல் உலகத் தொடரின் சிறந்த வீரர் அவரே. உடனே ஏழு ஆண்டுக்கு 24.5 கோடி டாலர் ஒப்பந்தம். அதற்குப் பிறகு அவர் ஆடியது மொத்தம் எட்டே ஆட்டம். இவரை வெற்றி என்பதா, தோல்வி என்பதா? வாஷிங்டன்காரர்களைக் கேட்டால் 2019 கோப்பையைக் காட்டுவார்கள். எனக்கும் அதுவே போதும் என்றுதான் தோன்றுகிறது.

மட்டையடிப்பவர்களுக்கு அந்த ஆபத்து இல்லையே, அவர்கள் ஏன் தடுமாறுகிறார்கள்?

பிரேண்டன் வுட் என்ற ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு இடையே நின்று பந்து தடுப்பவர்) 2005-இல் ஏஞ்சல்ஸ் அணியின் மைனர் லீக்கில் 43 ஹோம் ரன் அடித்தார். யாரைக் கேட்டாலும் அடுத்த பெரிய ஆள் என்றார்கள். மேஜர் லீக்கில் 272 ஆட்டங்களில் அவருடைய சராசரி .186. அதாவது நூறு முறை மட்டை பிடித்தால் பத்தொன்பது தடவைகூடப் பந்து பேசவில்லை.

மேலே போகப்போக வேகத்தைவிடப் பந்து வளைவதுதான் பெரிய பிரச்சினை. பிட்ச்சருக்கும் மட்டைக்கும் இடையே 18.44 மீட்டர், கிரிக்கெட் பிட்ச்சைவிடக் குறைவு, நடுவில் தரையில் படவும் படாது. வேகப் பந்து வந்துசேர ஏறக்குறைய 0.4 வினாடி. அதற்குள் நேரா, வளைவா, கீழே விழுமா என்று முடிவெடுக்க வேண்டும். மைனர் லீக்கில் ஒரு நல்ல வளைபந்து எறிபவன் கையில் தவறு செய்யும் பந்துகளும் இருக்கும், அதற்காகக் காத்திருக்கலாம். மேஜர் லீக்கில் உங்கள் பலவீனம் பதினைந்து நாளில் முப்பது அணிகளின் கணினியிலும் ஏறிவிடும். அப்புறம் அந்த இடத்தைத் தவிர வேறெங்கும் பந்து வராது.

ஆனால் தொடக்கத் தடுமாற்றத்தை வைத்து எதுவும் முடிவுகட்டக் கூடாது. பட்டியல்களில் முதலிடத்தில் இருந்த ஜாக்சன் ஹாலிடே 2024 ஏப்ரலில் பால்டிமோருக்கு வந்து 34 வாய்ப்பில் இரண்டே ஹிட், 18 ஸ்ட்ரைக் அவுட் என்று தடுமாறினார். பத்து ஆட்டத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஜூலை கடைசியில் மறுபடி கூப்பிட்ட அன்றே மூன்று பேஸும் நிரம்பியிருக்க ஹோம் ரன் அடித்தார். 1951-இல் வில்லி மேஸ் என்ற இருபது வயதுப் பையனும் முதல் 26 வாய்ப்பில் ஒரே ஒரு ஹிட்தான் எடுத்தான். மேனேஜர் லியோ டுரோஷர் அவனை இறக்கவில்லை. ஆட்ட வரலாற்றின் மிகச் சிறந்தவர்களைப் பட்டியலிட்டால் மேஸ் பெயர் இல்லாமல் எழுத முடியாது. டுரோஷர் பொறுமை இழந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது தனி விவாதம்.

உடம்பும் திறமையும் சரியாக இருந்தும் கெட்டுப்போனவர்கள் உண்டா?

ரிக் ஆங்கியல். 2000-ஆம் ஆண்டுப் பட்டியலில் முதலிடம். 21 வயதில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்கு 194 ஸ்ட்ரைக் அவுட். அக்டோபர் 3, பிளே ஆஃப் முதல் ஆட்டம், மூன்றாவது இன்னிங்ஸ். திடீரென்று பந்து கேட்ச்சருக்கு எட்டாமல் எங்கெங்கோ போகிறது. ஒன்று, இரண்டு என்று ஐந்து காட்டுப் பந்துகள். காயம் இல்லை, வலி இல்லை. எறிவது எப்படி என்று கைக்கு மறந்துவிட்டது. அதன் பிறகு பிட்ச்சராக அவர் பழைய நிலைக்கு வரவே இல்லை. எந்தப் பரிசோதனையிலும் முன்கூட்டிக் கண்டுபிடிக்க முடியாத விஷயம் இது.

ஆங்கியல் வீட்டுக்குப் போகவில்லை. மறுபடியும் மைனர் லீக் போய், மட்டையடிப்பவராக, அவுட்ஃபீல்டராக முதலிலிருந்து கற்றுக்கொண்டு, 2007 ஆகஸ்டில் அதே செயின்ட் லூயிஸ் அணிக்கு வந்தார். அன்றே ஹோம் ரன். அந்தக் காணொளியை ஒருமுறை தேடிப் பாருங்கள்.

பையனை அவசரமாக மேலே ஏற்றினால் கெட்டுவிடுவானா?

டேவிட் கிளைடைத்தான் எல்லாரும் உதாரணம் காட்டுவார்கள். 1973-இல் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் எடுத்த ஹூஸ்டன் பள்ளிப் பையன். அணி மோசம், மைதானம் காலி, கல்லாவில் காசில்லை. பள்ளி முடித்த சில வாரத்திலேயே, ஜூன் 27 அன்று 18 வயதில் மேஜர் லீக்கில் இறக்கினார்கள். மைதானம் நிரம்பியது, வெளியே வண்டி நெரிசல் தாங்காமல் ஆட்டத்தையே தள்ளித் தொடங்கினார்கள். வென்றும்விட்டான். இரண்டு ஆட்டம் ஆட வைத்துவிட்டுக் கீழே அனுப்பிப் பழக்கியிருக்கலாம். கூட்டம் வந்ததால் அனுப்ப மனம் வரவில்லை. மொத்தம் 18 வெற்றி, 33 தோல்வி, 24 வயதில் மேஜர் லீக் வாழ்க்கை முடிந்தது. அதே டிராஃப்டில் அவனுக்குப் பின்னால் எடுக்கப்பட்ட ராபின் யவுன்ட்டும் 18 வயதிலேயே மேஜர் லீக் வந்தார், ஹால் ஆஃப் ஃபேம் போனார். ஆகவே அவசரம்தான் காரணம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லவும் முடியவில்லை. ஆனால் கிளைடை ஏற்றியது அவனுக்காக இல்லை, டிக்கெட்டுக்காக. அதை மன்னிப்பது கஷ்டம்.

யாரும் சீந்தாதவர்கள் பெரிய ஆளானது உண்டா?

நிறைய. மைக் பியாசா 1988-இல் 62-ஆவது சுற்றில், 1,390-ஆவது ஆளாக எடுக்கப்பட்டார். அதுவும் டாட்ஜர்ஸ் மேனேஜர் டாமி லசோர்டா அவர் அப்பாவின் நண்பர் என்பதற்காகச் செய்த உதவி. சிபாரிசில் வந்தவர் கேட்ச்சர்களிலேயே அதிக ஹோம் ரன் அடித்தார். 2016-இல் ஹால் ஆஃப் ஃபேமுக்கு அவரோடு தேர்வானவர் கென் கிரிஃபி ஜூனியர். ஒருவர் டிராஃப்டின் முதல் ஆள், இன்னொருவர் கிட்டத்தட்டக் கடைசி ஆள், ஒரே மேடை. இப்போது டிராஃப்டே 20 சுற்றோடு முடிந்துவிடுகிறது. இன்றைய பியாசாவுக்கு அந்தச் சிபாரிசு வழிகூட இல்லை.

ஆல்பர்ட் பூஹோல்ஸ் 402-ஆவது ஆள், 703 ஹோம் ரன். வெனிசுலாவின் ஹோசே அல்டூவே ரொம்பக் குள்ளம் என்று தேர்வு முகாமிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டார். மறுநாள் மீண்டும் வந்து நின்றார். 15,000 டாலருக்கு ஒப்பந்தம். 2017-இல் மிக மதிப்புமிக்க வீரர். மைக் டிரவுட்டை 2009-இல் 24 பேரைத் தாண்டித்தான் எடுத்தார்கள். நியூ ஜெர்சி குளிர் ஊர், ஆட்டக் காலம் குறைவு, அங்கே அடித்த அடிக்கு என்ன மதிப்பு என்று தயங்கினார்கள். ஏஞ்சல்ஸிடம் அடுத்தடுத்து 24, 25 என்று இரண்டு தேர்வு இருந்தது. அவர்களே முதலில் எடுத்தது டிரவுட்டை இல்லை, ரான்டல் கிரிச்சக்கை!

இந்தியாவிலிருந்து யாராவது போனார்களா?

2008-இல் இங்கே பந்தை வேகமாக எறியும் போட்டி ஒன்று நடத்தி ரிங்கு சிங், தினேஷ் படேல் என்று உத்தரப் பிரதேச இளைஞர்கள் இருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். இருவரும் ஈட்டி எறிந்தவர்கள், அதுவரை பேஸ்பாலைப் பார்த்ததே இல்லை. பிட்ஸ்பர்க் பைரட்ஸ் ஒப்பந்தம் செய்தது. மேஜர் லீக்கை இருவரும் எட்டவில்லை. ரிங்கு சிங் சிங்கிள் ஏ வரை போனார், பின்னால் தொழில்முறை மல்யுத்தத்தில் வீர் மஹான் ஆனார். ஒரு வருடத்தில் அந்நிய ஆட்டத்தைக் கற்று, சம்பளம் வாங்கி ஆடும் நிலைக்கு வந்ததே பெரிய விஷயம் என்பேன்.

பணமாவது மிஞ்சுமா?

முதல் சுற்றுப் பையன்களுக்கு மிஞ்சும், ஒப்பந்தப் பணம் முன்கூட்டியே கைக்கு வந்துவிடும். கடைசிச் சுற்றுப் பையன்களுக்கு அப்படியில்லை. மைனர் லீக் வீரர்கள் சங்கமாகச் சேர்ந்த பிறகு 2023-இல் டிரிபிள் ஏ குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 35,800 டாலர் ஆனது. அதே ஆண்டு மேஜர் லீக்கின் குறைந்தபட்சம் 7,20,000. ஒரே ஒரு படிதான் இடைவெளி.

மார்க் அப்பெல் கடைசியில் என்ன ஆனார்?

ஸ்டான்ஃபோர்டில் படித்தவர், 2012-இல் பைரட்ஸ் கொடுத்த 38 லட்சம் டாலரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு மறுபடி கல்லூரிக்குப் போனவர். அடுத்த ஆண்டு ஆஸ்ட்ரோஸின் முதல் தேர்வு, 63.5 லட்சம். மைனர் லீக்கில் அடி வாங்கினார், தோளும் முழங்கையும் தகராறு. 2018 தொடக்கத்தில் 26 வயதில் ஆட்டத்தை விட்டார். வரலாற்றின் மிகப் பெரிய ஏமாற்றம் என்று கட்டுரைகள் வந்தன. 2021-இல் திரும்பி வந்து பிலடெல்பியா பில்லீஸின் மைனர் லீக்கில் ரிலீவராக (ஆட்டத்தின் நடுவில் மாற்றாக வரும் பிட்ச்சர்) எறிந்தார். 2022 ஜூன் 29, பிலடெல்பியா, ஒன்பதாவது இன்னிங்ஸ், அணி தோற்றுக்கொண்டிருக்கிறது. எடுக்கப்பட்டு ஒன்பது வருடம் கழித்து, 31-ஆவது பிறந்தநாளுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, மேஜர் லீக்கில் முதல் பந்தை எறிந்தார். அந்த இன்னிங்ஸில் ரன் கொடுக்கவில்லை. மொத்தம் ஆறு ஆட்டம்.

தேறாதவர்கள் அப்புறம் என்ன செய்கிறார்கள்?

1980-இல் மெட்ஸ் முதல் சுற்றில் எடுத்த பில்லி பீன் மேஜர் லீக்கில் 148 ஆட்டம், மூன்றே ஹோம் ரன். ஆட்டத்தை விட்டுவிட்டு ஓக்லாந்தில் ஸ்கவுட் வேலை கேட்டு வாங்கினார், 1997-இல் அதே அணியின் ஜெனரல் மேனேஜர். பையனின் உடற்கட்டைப் பார்த்து மயங்காதீர்கள், எண்ணைப் பாருங்கள் என்று ஸ்கவுட்டுகளோடு மல்லுக்கட்டினார். அவர் உடற்கட்டைப் பார்த்து மயங்கித்தான் மெட்ஸ் அவரை எடுத்தது.

மார்க் பிரையர் 2020 முதல் டாட்ஜர்ஸின் பிட்ச்சிங் கோச். அதன் பிறகு அந்த அணி 2020, 2024, 2025 என்று மூன்று கோப்பை வென்றிருக்கிறது. தோளும் முழங்கையும் கெட்ட இளம் பிட்ச்சர்கள் அங்கே வரிசையாக வருவார்கள். அவர்களை எப்போது எறிய வைப்பது, எப்போது உட்கார வைப்பது என்று சொல்லும் அணியில் இப்போது பிரையரும் ஓர் ஆள்.